பறவைத் தட்டில் என்ன கோளாறு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மொட்டை மாடியிலோ கொல்லைப்புறத்திலோ பறவைகளுக்குத் தீனியும் தண்ணீரும் வைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். பொழுது சாயும்போது தட்டில் தானியம் மீந்திருக்கிறதா? மீந்திருந்தால் நீங்கள் வைக்கும் அளவு அதிகம். எலி, எறும்பு, பூசணம், புறாக் கூட்டம், பக்கத்து வீட்டுச் சண்டை என்று கீழே வரும் சிக்கல்களில் பாதி அந்த மீந்த தானியத்திலிருந்துதான் கிளம்புகிறது. நாளையிலிருந்து அளவைப் பாதியாக்கிப் பாருங்கள். ஒரு சிட்டுக்குருவியின் எடையே ஏறக்குறைய 25 கிராம்தான். அதற்கு நம் கைப்பிடி பெரிய விருந்து.

நாள்கணக்கில் வைத்தும் ஒரு பறவையும் எட்டிப் பார்க்கவில்லை

பெரும்பாலும் இது பொறுமை சம்பந்தப்பட்ட விஷயம். புதிதாக ஒரு பொருள் மாடியில் தென்பட்டால் பறவைகள் தூரத்திலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். சில வீடுகளில் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும், சில வீடுகளில் ஒரு மாதம்கூட ஆகும். அதற்குள் தட்டை இங்கும் அங்கும் மாற்றி வைத்தால் பழக்கம் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இடமும் நேரமும் மாறாமல் இருக்கட்டும். சென்னை ராயப்பேட்டையில் ஒரு வீட்டு மொட்டை மாடிக்கு ஆயிரக்கணக்கில் பச்சைக்கிளிகள் வந்து இறங்கியது பலரும் பார்த்த காட்சி. 2004 சுனாமிக்குப் பிறகு ஒன்றிரண்டாக வரத் தொடங்கியவை அவை. அங்கே வைக்கப்பட்டது வெறும் ஊறவைத்த அரிசி. அது ஒரு நாளும் தவறாமல் வைக்கப்பட்டது, அவ்வளவுதான்.

அடுத்து இடத்தைப் பாருங்கள். தட்டுக்குப் பத்தடிக்குள் ஒரு மரக்கிளையோ கொடிக்கம்பியோ இருக்கிறதா? சிறு பறவைகள் நேராகத் தட்டில் வந்து இறங்காது. முதலில் பக்கத்தில் உட்கார்ந்து நாலாபுறமும் பார்த்துவிட்டுத்தான் இறங்கும், பயந்தால் அங்கேயே திரும்பிப் பறக்கும். நடு மாடியில் வெட்டவெளியில் வைத்த தட்டுக்கு அந்த வசதி இல்லை. ஒரு பழைய துடைப்பக் கட்டையைத் தொட்டியில் நட்டு வைத்தாலும் போதும், உட்கார இடம் கிடைத்துவிடும். எவர்சில்வர் தட்டு வெயிலில் கண்ணைக் கூசவைக்கும், காலையும் சுடும். மண் தட்டு அல்லது பழைய முறம் நல்லது. ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பக்கத்திலும், துணி காயப்போடும் இடத்திலும் வைக்க வேண்டாம்.

பருவமும் ஒரு காரணம். தை, மாசியில் அறுவடை நடக்கும் ஊர்களில் வயலிலேயே நெல் சிந்திக் கிடக்கும். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் பழுத்துக் கிடக்கும். அப்போது உங்கள் தட்டு காலியாக இருந்தால் பறவைகள் வெளியே நன்றாகச் சாப்பிடுகின்றன என்று அர்த்தம்.

சிட்டுக்குருவிக்காக மட்டும் காத்திருப்பவர்கள் தெருவை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சிட்டுக்குருவி பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போகாத பறவை. பலசரக்குக் கடை, அரிசி மண்டி, பழைய ஓட்டு வீடு, கோயில் மண்டபம் என்று அக்கம்பக்கத்தில் எங்காவது அதன் குரல் கேட்டால் நம்பிக்கையோடு வையுங்கள். சுற்றுவட்டாரத்தில் ஒன்றுகூட இல்லையென்றால் எவ்வளவு தினை வைத்தாலும் வராது. அப்படிப்பட்ட தெருவில் மைனா, சின்னான், தவிட்டுக்குருவி, புள்ளிப்புறா போன்றவற்றுக்கு வைக்கலாம். அவையும் நம் பறவைகள்தான்.

நேற்றுவரை வந்தவை இன்று ஒன்றுமே இல்லை

சத்தமே இல்லாமல் மாடி வெறிச்சோடிப் போனால் அண்ணாந்து பாருங்கள். பக்கத்து மரத்திலோ செல்போன் கோபுரத்திலோ வைரி என்கிற சின்ன வேட்டைப்பறவை உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அணில் விடாமல் கீச்சிட்டாலும், காகங்கள் ஒரே மரத்தைச் சுற்றிக் கத்தினாலும் அதுதான் காரணம். வைரியை விரட்ட வேண்டாம், அதற்கும் பசிக்கும், அதற்கும் குஞ்சு இருக்கும். இரண்டு மூன்று நாள் தீனி வைப்பதை நிறுத்துங்கள். கூட்டம் கலைந்தால் வைரியும் வேறு இடம் பார்க்கும்.

வைரி இல்லையென்றால் புதிதாகப் பூனை வந்திருக்கிறதா, செடிக்கு யாராவது பூச்சிமருந்து அடித்தார்களா என்று விசாரியுங்கள். தீபாவளி வாரத்தில் பட்டாசுச் சத்தத்துக்குப் பறவைகள் ஒதுங்குவது இயல்பு. தானாகவே திரும்பிவிடும்.

புறாவும் காகமும் மட்டுமே வருகின்றன, சிறு பறவைகளுக்கு இடமே இல்லை

நகரத்தில் தீனி வைப்பவர்களில் பெரும்பாலோர் சொல்வது இதுதான். நான் மிக முக்கியமாக நினைப்பதும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

புறா ஏன் இவ்வளவு பெருகுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சிட்டுக்குருவி தானியம் தின்றாலும் தன் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் கொண்டுபோய்க் கொடுக்கும். புழு கிடைக்கவில்லை என்றால் குஞ்சு பிழைக்காது. மாடப்புறாவுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆணும் பெண்ணும் தம் தொண்டைப் பையில் சுரக்கும் பால் போன்ற ஒன்றைக் குஞ்சுக்கு ஊட்டுகின்றன. ஆக, தானியம் மட்டும் தாராளமாகக் கிடைத்தால் போதும், புறா வருடத்தில் பலமுறை குஞ்சு பொரிக்கும். நாம் கொட்டும் தானியம் சிட்டுக்குருவிக் குடும்பத்தை அதிகம் வளர்ப்பதில்லை. புறாக் குடும்பத்தை நிச்சயமாக வளர்க்கிறது. பெருகிய புறாக்கள் மாடி, ஏசிப் பெட்டி, ஜன்னல் விளிம்பு என்று எல்லா இடத்தையும் எடுத்துக்கொள்ளும்.

இது மனிதர்களின் உடல்நலம் சம்பந்தப்பட்டதும்கூட. புறா எச்சம் காய்ந்து தூளாகிக் காற்றில் கலக்கும்போது, அதைத் தொடர்ந்து சுவாசிக்கும் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வருகிறது. நாள்பட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும். 2025-இல் மும்பையில் கபூத்தர்கானா எனப்படும் புறாத் தீனி இடங்களை மூடச் சொல்லி அரசு உத்தரவிட்டதும், அதை எதிர்த்துப் போராட்டம் நடந்ததும் இந்தக் காரணத்தால்தான். உங்கள் வீட்டிலோ கீழ்வீட்டிலோ ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், புறாக்கூட்டம் கலையும்வரை தானியம் வைப்பதையே நிறுத்துங்கள். இதில் நான் விட்டுக்கொடுத்துச் சொல்ல மாட்டேன்.

சரி, புறாவை அடிக்காமல் துரத்தாமல் எப்படி விலக்குவது?

முதல் வழி, தரையிலும் அகலமான தட்டிலும் தானியம் பரப்புவதை விட்டுவிடுவது. புறா நின்று மேயும் பறவை, தொங்கிக்கொண்டு சாப்பிட அதற்கு வராது. கம்பங்கதிரையோ நெற்கதிரையோ நாலைந்தாகச் சேர்த்துக் கட்டி, தாழ்வாரத்தில் அந்தரமாகத் தொங்கவிடுங்கள். கதிரைப் பற்றிக்கொண்டு கொத்த சிட்டுக்குருவிக்கும் சில்லைக்கும் நன்றாகத் தெரியும். நெற்கதிரைப் பின்னி வாசலில் தொங்கவிடும் வழக்கம் நம் கிராமத்து வீடுகளில் பழையது. கடையில் விற்கும் எந்த ஃபீடரைவிடவும் அதுதான் எனக்குப் பிடித்தது. அறுவடை நேரத்தில் விவசாயிகளிடம் கேட்டு வாங்கி நிழலில் உலர்த்தி வைத்துக்கொண்டால் பல மாதம் வரும்.

இரண்டாவது வழி, கம்பி வலைக் கூண்டு. தட்டைச் சுற்றி ஒன்றரை அங்குலச் சதுரக் கண் உள்ள கம்பி வலையை எல்லாப் பக்கமும் அடித்துவிடுங்கள். சிட்டுக்குருவி புகுந்து போகும், புறாவும் காகமும் மைனாவும் வெளியே நிற்கும். தட்டு வலையிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காகம் அலகை நீட்டி எடுத்துவிடும். வலையின் வெட்டுமுனைகளை உள்ளும் வெளியும் மடக்கித் தட்டிவிடுங்கள். கூர்முனை சிறு பறவையின் கண்ணைக் குத்திவிடக் கூடாது.

காகத்தின் கதை வேறு. அமாவாசைக்கும் திதிக்கும் சோறு வைப்பது நம் வீடுகளில் இருக்கும் நம்பிக்கை, அதை நிறுத்தச் சொல்லவில்லை. குருவித் தட்டு இருக்கும் இடத்தில் வைக்காமல் வேறொரு மூலையில் வையுங்கள். காகம் சிறு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தூக்கிக்கொண்டு போகும். தினமும் காகத்தை அழைத்துப் பழக்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே குருவிப் பெட்டி மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் காகம் தலையில் தட்டினால் பக்கத்தில் அதன் கூடு இருக்கிறது. குஞ்சு பறக்கும்வரை குடை பிடித்துக்கொண்டு போங்கள்.

தானியத்தைத் தொடவில்லை, அல்லது பொறுக்கி வெளியே எறிகின்றன

பாக்கெட் கலவையில் பறவைக்கு வேண்டாதது நிறைய இருக்கும். வேண்டியதைத் தேடி மற்றதைத் தள்ளிவிடும். கலவையை விட்டுவிட்டுத் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். சிட்டுக்குருவிக்குக் கம்பு, தினை, சாமை, அரிசி நொய். கிளிக்கு நெல், சோளம், உப்புப் போடாத நிலக்கடலை, கொய்யா. சின்னானுக்கும் மைனாவுக்கும் நறுக்கிய வாழைப்பழம், பப்பாளி. பச்சரிசி தின்றால் பறவையின் வயிறு ஊதி வெடித்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அது உண்மையில்லை, நெல்வயலில் காலங்காலமாக அவை தின்பது அதைத்தான்.

வைக்கவே கூடாதவை: மிக்ஸர், முறுக்கு, சிப்ஸ், ஊறுகாய் பட்ட சோறு என உப்புச் சேர்ந்த எதுவும். அவ்வளவு சின்ன உடம்புக்கு நம் ஒரு சிட்டிகை உப்பே ஆபத்து. பாலும் வேண்டாம், அதைச் செரிக்கப் பறவைக்கு வழியில்லை. பிஸ்கெட்டும் பிரெட்டும் வயிற்றை அடைக்குமே தவிரச் சத்து தராது. சாக்லெட், அவகாடோ பழம் இரண்டும் நஞ்சு.

தானியம் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். விதைக்கடையில் சிவப்பு, நீலம் என்று சாயம் ஏறிய கம்போ சோளமோ இருந்தால் அது மருந்து கலந்த விதைப்புக்கான தானியம், பறவைக்கு வைக்கவே கூடாது. வண்டு வராமல் இருக்க போரிக் பவுடர் கலந்த அரிசி, பயறும் அப்படியே. வீட்டில் வண்டு விழுந்த அரிசி இருந்தால் அதைத் தாராளமாக வைக்கலாம். வண்டையும் சேர்த்தே பொறுக்கிக்கொள்ளும்.

தானியம் கட்டி தட்டுகிறது, முளை விடுகிறது, பூசணம் பிடிக்கிறது

ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லா மாடியிலும் நடப்பது. பூசணம் பிடித்ததைக் கழுவிக் காயவைத்து மறுபடி வைக்காதீர்கள், குப்பையில் போட்டுவிடுங்கள். குறிப்பாக நிலக்கடலை. ஈரத்தில் கடலையில் வளரும் பூசணம் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்குகிறது. வறுத்தாலும் அந்த நஞ்சு முழுசாகப் போகாது.

மழைக்காலத்தில் தட்டை சன்ஷேடுக்கு அடியில் மாற்றுங்கள். தட்டின் அடியில் நாலைந்து ஓட்டை போட்டு வையுங்கள். காலையில் ஒரு மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். சோறு வைப்பவர்கள் வெயில் காலத்திலும் இதே கணக்கைப் பின்பற்ற வேண்டும். உச்சி வெயிலில் சோறு சீக்கிரமே புளித்துவிடும்.

தேன்சிட்டும் தையல்சிட்டும் வரவே மாட்டேன் என்கின்றன

வராது. தட்டில் அவற்றுக்கு ஒன்றும் இல்லை. தையல்சிட்டு, கரிச்சான், ஈப்பிடிப்பான் எல்லாம் பூச்சி தின்பவை. தேன்சிட்டு பூந்தேனும் சிறு பூச்சிகளும் உண்பது. பலர் இதற்குத் தேனைத் தண்ணீரில் கலந்து வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வெயிலில் அது நொதித்துப் பூசணம் பிடிக்கும், பறவையின் நாக்கில் நோய் வரும்.

இவற்றுக்கு நீங்கள் வைக்கும் தீனி செடிதான். செம்பருத்தி, இட்லிப்பூ, மாதுளை, அகத்தி, முருங்கை. கொல்லையில் ஒரு வாழை குலை தள்ளினால் வாழைப்பூ மடல் விரியும் ஒவ்வொரு காலையும் தேன்சிட்டு அங்கே இருக்கும். தொட்டிச் செடி மட்டும் வைக்க முடிந்தவர்களுக்கு ஹமீலியா நல்ல தேர்வு. அதன் குழல் போன்ற ஆரஞ்சுப் பூ தேன்சிட்டின் வளைந்த அலகுக்கு அளவெடுத்ததுபோல் இருக்கும், வருடம் முழுக்கப் பூக்கும். இடம் இருந்தால் ஒரு கறிவேப்பிலை மரம், ஒரு சர்க்கரைப்பழ மரம் என்கிற சிங்கப்பூர் செர்ரி. இந்த இரண்டின் பழத்துக்கும் சின்னானும் குயிலும் மைனாவும் போட்டிபோட்டு வரும்.

செடி இருந்தும் வரவில்லையென்றால் மருந்து அடிக்கிறீர்களா என்று யோசியுங்கள். இலையில் ஒரு புழுகூட இல்லாத தோட்டம் தையல்சிட்டுக்கு வெறும் தரிசு. முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறினால் அதற்காகவே குயில் இனப் பறவைகள் வரும், அவை அந்த ரோமத்துக்கு அஞ்சாதவை. வாசல் பக்கம் தொல்லை அதிகமானால் அந்தக் கிளையை மட்டும் வெட்டி அப்புறப்படுத்துங்கள்.

சிட்டுக்குருவி சாப்பிட வருகிறது, பெட்டி மாட்டியும் கூடு கட்டவில்லை

பெட்டியின் துளையை அளந்து பாருங்கள். ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மில்லிமீட்டர் விட்டம் போதும். இரண்டு அங்குலம் இருந்தால் மைனா புகுந்துகொள்ளும். துளைக்குக் கீழே அழகுக்காக ஒரு குச்சி வைத்திருப்பார்கள், அதைப் பிடுங்கிவிடுங்கள். குருவிக்கு அது தேவையில்லை, காகத்துக்குத்தான் நின்று எட்டிப் பார்க்க உதவும். பத்தடி உயரம், மாலை வெயில் நேராகப் படாத சுவர், மேலே ஒரு கூரை. மின்விசிறி சுழலும் இடத்துக்குப் பக்கத்தில் ஒருபோதும் வேண்டாம்.

சிட்டுக்குருவி கூட்டமாக வாழ விரும்பும், ஒற்றைப் பெட்டியைவிட மூன்று நான்கு பெட்டிகளை இடைவெளி விட்டு மாட்டினால் குடிவரும் வாய்ப்பு கூடும். பக்கத்தில் காய்ந்த புல், தேங்காய் நார் கொஞ்சம் போட்டு வையுங்கள். நைலான் நூலும் நீளமான தலைமுடியும் கிடக்கக் கூடாது, குஞ்சின் காலில் சுற்றி அறுத்துவிடும். ஒரு மூலையில் தட்டு நிறைய உலர்ந்த மணல் வைத்தால் அதில் புரண்டு புழுதிக் குளியல் போடும்.

பெட்டியை விட்டுவிட்டு மீட்டர் பெட்டியிலோ ஷட்டர் இடுக்கிலோ கூடு கட்டிவிட்டால்? முட்டை இட்டபின் கூட்டை நகர்த்தாதீர்கள். அடைகாப்பு சுமார் இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். 2020-இல் சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடியில் தெருவிளக்குச் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு பறவை முட்டையிட்டதால், குஞ்சு வெளியேறும்வரை ஊரே தெருவிளக்கைப் போடாமல் இருந்தது. ஒரு மாதத்துக்கும் மேல் அந்த மக்கள் இருட்டில் நடந்தார்கள். நாம் ஒரு ஷட்டரைக் கொஞ்ச நாள் பாதியாக இறக்கி வைக்கலாம்.

எறும்பு, எலி, அணில், பூனை

எறும்புக்கு நம் சமையலறை உத்திதான். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கல் வைத்து, அதன் மேல் தீனித்தட்டு. தொங்கவிட்ட தட்டென்றால் கயிற்றில் கொஞ்சம் வேப்பெண்ணெய் தடவலாம். எறும்புச் சாக்பீஸ் மட்டும் கோடுகூடப் போடாதீர்கள், அது பூச்சிக்கொல்லி.

எலி வருவது மீந்த தானியத்துக்கு. சாயங்காலம் தட்டை உள்ளே எடுத்து வைத்து, சிந்தியதைப் பெருக்கிவிட்டால் ஒரு வாரத்தில் எலி நடமாட்டம் குறையும். எலிமருந்து வைக்கவே வேண்டாம். மருந்து தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் செத்துவிடும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும் என்பதைத் தோட்ட வீட்டுக்காரர்கள் மறக்கக் கூடாது.

அணில் கொஞ்சம் தின்றுவிட்டுப் போகட்டும்.

பூனைதான் உண்மையான ஆபத்து. அது பதுங்கும் புதருக்கும் தட்டுக்கும் நடுவில் பத்தடி வெட்டவெளி இருக்க வேண்டும். மேலே சொன்ன உட்காரும் கிளை தட்டுக்குப் பக்கத்தில் உயரமாக இருக்கட்டும், புதர் தள்ளி இருக்கட்டும். தட்டு ஐந்தடிக்கு மேல் வழுக்கும் பைப்பின் உச்சியிலோ, சுவரிலிருந்து தாவ முடியாத தொங்கலிலோ இருப்பது நல்லது. உங்கள் வீட்டுப் பூனையே என்றால் காலையில் தீனி வைக்கும் நேரத்தில் அதை உள்ளே வைத்திருங்கள்.

தண்ணீர்ச் சட்டியில் புழு நெளிகிறது

அது கொசுப்புழு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். தினமும் தண்ணீரை மாற்றினால் அந்த வாய்ப்பே இல்லை. ஆனால் கொட்டிவிட்டு ஊற்றினால் மட்டும் போதாது. முட்டைகள் சட்டியின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு தேவையில்லை. மருந்து, எண்ணெய் எதையும் தண்ணீரில் ஊற்றக் கூடாது.

சட்டி அகலமாக, இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாமல் இருக்கட்டும். ஆழமான வாளியில் சிறு பறவைகளும் அணிலும் விழுந்து செத்துப்போகின்றன. நடுவில் ஒரு கல் போட்டு வையுங்கள். தண்ணீர் இருந்தும் பறவை குடிக்கவில்லையென்றால் தொட்டுப் பாருங்கள், வெந்நீராக இருக்கும். சித்திரை, வைகாசியில் காலையில் ஒருமுறையும் மதியம் ஒருமுறையும் மாற்ற வேண்டும். என்னைக் கேட்டால், தானியத்தைவிடத் தண்ணீர்தான் நகரத்துப் பறவைக்கு நாம் செய்யும் பெரிய உதவி. தானியம் சிலவற்றுக்குத்தான், தண்ணீர் எல்லாவற்றுக்கும்.

கண்ணாடியில் வந்து மோதுகின்றன, அல்லது கண்ணாடியைக் கொத்துகின்றன

இரண்டும் வேறு வேறு. மோதுவது கண்ணாடியில் தெரியும் வானத்தையும் மரத்தையும் நிஜம் என்று நம்பிப் பறப்பதால். தட்டை ஜன்னலுக்கு மூன்றடிக்குள் வையுங்கள் அல்லது முப்பதடிக்கு அப்பால் வையுங்கள். மூன்றடிக்குள் இருந்தால் வேகம் எடுக்கும் முன்பே கண்ணாடி வந்துவிடும், அடி பலமாக இருக்காது. நடுத்தர தூரம்தான் கெட்டது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் கோலமாவுக் கரைசலாலேயே இரண்டங்குல இடைவெளியில் புள்ளி வைத்துவிடலாம். மழை வந்தால் மறுபடி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மோதி மயங்கிய பறவையை ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, மூடி, சத்தமில்லாத இருட்டான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்தால் மாடியில் திறந்து விடுங்கள்.

கொத்துவது இனப்பெருக்கக் காலத்தில். ஸ்கூட்டர் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து, சின்னானும் குண்டுகரிச்சானும் நாள் முழுக்கச் சண்டை போடும். கண்ணாடிக்கு ஒரு துணிப்பை மாட்டிவிடுங்கள்.

பறவை இறகை உப்பிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, அல்லது செத்துக் கிடக்கிறது

ஒரே ஒரு நோயாளிப் பறவையைப் பார்த்தாலும் அன்றே தீனியை நிறுத்துங்கள். பலருக்கு மனம் வராது, பசியோடு வருமே என்று தோன்றும். ஆனால் கூட்டமாகத் தின்னும் தட்டில்தான் நோய் பரவும். இரண்டு வாரம் நிறுத்தினால் கூட்டம் பிரிந்து போகும். தட்டையும் சட்டியையும் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசி, வெயிலில் காயவையுங்கள். நோயே இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

கண், அலகைச் சுற்றிப் பரு போலக் கட்டிகள் இருந்தால் அம்மை. புறா கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றினால், கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் வைரசின் உறவுக்கார வைரஸ் தாக்கியிருக்கலாம். வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் அந்தப் புறாவைக் கோழிப் பக்கம் அண்டவிடக் கூடாது.

காகங்களோ மற்ற பறவைகளோ ஒரே நேரத்தில் பல செத்துக் கிடந்தால் தொடாதீர்கள். 2021 ஜனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் பறவைக் காய்ச்சல் வெளியே தெரிந்தது காகங்கள் கொத்தாகச் செத்ததால்தான். உடனே கால்நடை பராமரிப்புத் துறைக்குச் சொல்லுங்கள். ஒற்றைப் பறவைக்குச் சிகிச்சை வேண்டுமென்றால் சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகம். பச்சைக்கிளியாக இருந்தால் குணமானபின் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

குஞ்சு தரையில் கிடக்கிறது

இறகு முளைத்து, தத்தித் தத்திப் போகிறதா? அது பறக்கப் பழகும் குஞ்சு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தாய் பக்கத்திலேயே இரையோடு காத்திருக்கும். பூனைக்கு எட்டாத கிளையில் ஏற்றிவிட்டு நீங்கள் விலகிப் போங்கள், அப்போதுதான் தாய் இறங்கி வரும். இறகே இல்லாத செக்கச்செவேல் குஞ்சென்றால் கூட்டைத் தேடித் திரும்ப வையுங்கள். மனிதன் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை.

பக்கத்து வீட்டார் புகார் சொல்கிறார்கள்

பெரும்பாலும் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கும். எச்சம் அவர்கள் காரிலும் காயப்போட்ட துணியிலும்தான் விழுகிறது. தட்டைப் பால்கனிக் கைப்பிடியிலிருந்து எடுத்து, உங்கள் மாடியின் உள்பக்கத்துக்கு மாற்றுங்கள். தட்டுக்கு மேலே உள்ள கம்பி அடுத்தவர் இடத்தில் நீளாமல் பாருங்கள். எச்சத்தைக் காய்ந்தபடியே பெருக்காமல், முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்து ஊறவிட்டுக் கழுவுங்கள். அதற்குப் பிறகும் சச்சரவு தீரவில்லையென்றால் தானியத்தை விட்டுத் தண்ணீரும் பூச்செடியும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சின்னானும் தேன்சிட்டும் வருவதற்கு யாரும் புகார் சொல்வதில்லை.

ஊருக்குப் போக வேண்டும், பறவைகள் என்ன செய்யும்?

பட்டினி கிடக்காது. உங்கள் தட்டு அவற்றின் பல இடங்களில் ஒன்று, மீதியை வெளியில் தேடிக்கொள்ளும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். போகும்போது நிறையக் கொட்டிவிட்டுப் போவதுதான் தவறு, முதல் நாளிலேயே அது புறாவுக்கும் எலிக்கும் போய்ச் சேரும். அக்னி நட்சத்திர நாள்களில் போவதாக இருந்தால் மட்டும், மாடிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, தண்ணீர் மாற்றச் சொல்லிவிட்டுப் போங்கள். யாரும் இல்லையென்றால் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள், கொசு வளர விட வேண்டாம். திரும்பி வந்ததும் பழைய அளவில் பாதியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.